குறைந்த பணத்தில் முதல் வெளிநாட்டுப் பயணம்: எங்கே சிக்கனம், எங்கே கூடாது

என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் ஊர் திரும்பும் விமானம் 14ஆம் தேதி 00.40 மணிக்கு. நாங்கள் மூன்று பேரும் 14ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் போய் நின்றோம். விமானம் கிளம்பி இருபது மணி நேரம் ஆகியிருந்தது. 13ஆம் தேதி இரவே போயிருக்க வேண்டும். விசாவின் கடைசி நாளும் அந்த 14தான். அடுத்த விமானம் மறுநாள் மாலை. புது டிக்கெட், ஒரு இரவு தங்குமிடம், கூடுதலாகத் தங்கியதற்கான அபராதம் என்று அடுத்தடுத்து பணம் போனது. இரண்டு வாரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அத்தனையும் ஒரே ராத்திரியில் கரைந்தது.

அதன்பிறகு பல பயணங்கள் போய்விட்டேன். கூட வந்தவர்களின் கணக்கையும் பார்த்திருக்கிறேன். ஒரு வேளை சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பதும் பேருந்துக்குப் பதில் நடப்பதும் சில்லறைச் சேமிப்புதான். பெரிய தொகை போகும் இடங்கள் எப்போதும் இவையேதான்: தவறவிட்ட விமானம், பொருந்தாத விசா, வேலை செய்யாத கார்டு, காப்பீடு இல்லாத விபத்து. எல்லாமே கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தப்பித்திருக்கக்கூடியவை. அதனால் பயணம் நகரும் வரிசையிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: டிக்கெட்டுக்கு முன் தாள்கள்

மலிவான டிக்கெட் கண்ணில் பட்டதும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதி தேதியைப் பாருங்கள். பல நாடுகள், நீங்கள் உள்ளே வரும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விதி வேறு: நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். முத்திரை குத்த இரண்டு பக்கமாவது காலியாக இருக்கட்டும்.

அடுத்தது விசா. புதிதாகப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். விசாவில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதிக்குள் அதைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. உள்ளே போனபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. மூன்று மாதம் செல்லுபடியாகும் விசாவில் 15 நாள் மட்டுமே தங்க அனுமதி இருக்கலாம். மூன்று மாதமும் இருக்கலாம் என்று நினைத்துத் திட்டம் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பாருங்கள். என் நண்பன் ஒருவன் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவில் போனான். நடுவில் நான்கு நாள் அயர்லாந்து. அதுவும் ஐரோப்பிய ஒன்றியம்தானே என்பது அவன் எண்ணம். அயர்லாந்து ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா எடுத்திருந்தான். ஆனால் அங்கே போனதும் பழைய விசா முடிந்துபோனது. திரும்ப நுழைய முடியாமல், முன்பதிவு செய்து வைத்திருந்த ரயில்கள், அறைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கிருந்தே ஊர் திரும்பினான். சுவிட்சர்லாந்து நேர் எதிர்: ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. இந்த இரண்டு வரைபடமும் ஒன்றல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கனில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். முன்பு அதிகாரி முத்திரைகளைப் புரட்டி எண்ணுவார். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்து, நாட்களைக் கணினியில் பதியும் முறை தொடங்கிவிட்டது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

இடைமாற்றத்துக்கும் விசா வேண்டியிருக்கலாம். அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறுகிறேன் என்றாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். அதனால் விசா தேவைப்படும் நாட்டவருக்கு அங்கே இடைமாற்றத்துக்கும் விசா தேவை. லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது போன்ற டிக்கெட்டும் இப்படித்தான். ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நாட்டுக்குள் நுழைய வேண்டும்.

விசா விண்ணப்பத்தை அந்நாட்டு அரசின் இணையதளத்தில், அல்லது அரசே பெயர் சொல்லியிருக்கும் மையத்தில் மட்டும் போடுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரத் தளங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளுக்குப் போகிறீர்களா, அல்லது அங்கிருந்து வேறு நாட்டுக்கு வருகிறீர்களா? தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2016இல் மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: டிக்கெட்

பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், அந்த விமான நிறுவனம் அதை எப்படி நிரப்பச் சொல்கிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். 03/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. நள்ளிரவை ஒட்டிய நேரங்களுக்கு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். '14, 00.40' என்று இருந்தால் என் குறிப்பில் '13ஆம் தேதி இரவு 9 மணிக்கு விமான நிலையம்' என்று மட்டும்தான் எழுதுவேன். விமான நேரத்தை எழுதவே மாட்டேன்.

விலையைப் பார்க்கும்போது மொத்த விலையைப் பாருங்கள். மலிவு விமானங்களில் டிக்கெட் ஒரு விலை, பை தனி, இருக்கை தனி. சில நிறுவனங்களில் இணையத்தில் செக்-இன் செய்யாமல் கவுண்டரில் போய் நின்றால் அதற்கும் தனிக் கட்டணம். பையின் அளவையும் விடமாட்டார்கள். இரும்புக் கூண்டு ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் இறங்காவிட்டால் வாசலிலேயே பணம் கட்டச் சொல்வார்கள். அங்கே கேட்கும் தொகை முன்கூட்டியே கட்டுவதைவிட எப்போதும் அதிகம்.

விமான நிலையம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்று பெயர் வைத்திருக்கும் நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பாரிஸ்-போவே பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து நகரத்துக்குப் பேருந்து உண்டு. ஆனால் அதன் கட்டணத்தையும் நேரத்தையும் சேர்த்தால் 'மலிவு' சில சமயம் காணாமல் போய்விடும். இரவு பதினொன்றுக்கு இறங்கினால் கடைசிப் பேருந்தும் போயிருக்கலாம்.

இரண்டு தனி டிக்கெட்டுகளை நாமே ஒட்டிப் பயணம் போடுவது மிச்சம் பிடிக்க நல்ல வழி. நானும் செய்கிறேன். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள்மேல் எந்தப் பொறுப்பும் கிடையாது. பையையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். எனவே நடுவில் ஒரு இரவாவது இடைவெளி விடுங்கள். ஒரே டிக்கெட்டில் போக, வர இரண்டும் இருந்தால், போகும் விமானத்தை விட்டுவிட்டு வரும் விமானத்தில் மட்டும் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். முதலாவதில் ஏறவில்லை என்றால் மீதி அத்தனையும் ரத்தாவதுதான் வழக்கம்.

ஒருவழி டிக்கெட்டோடு கிளம்பும் இளைஞர்கள் கவுண்டரிலேயே தடுக்கப்படுவது உண்டு. 'திரும்பும் டிக்கெட் எங்கே?' என்று கேட்பது அங்கே நிற்பவரின் பிடிவாதம் அல்ல. விமான நிறுவனங்கள் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதியையும் பார்க்கின்றன. விதிக்குப் பொருந்தாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அவர்களுக்கு அபராதம் விழும், திருப்பிக் கூட்டிவரும் செலவும் அவர்கள் தலையில். அந்த நாட்டை விட்டு வெளியேறும் ஏதாவது ஒரு டிக்கெட், பேருந்து டிக்கெட்டானாலும் ஏற்பார்களா என்று முன்பே பார்த்து, கையில் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: பணமும் ஃபோனும்

இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் இரண்டும் சேரும் இடத்தில்தான் வரும். ஒருமுறை பேருந்து டிக்கெட் வாங்க கார்டு எண்ணைப் போட்டேன். ஓ.டி.பி. வரவில்லை. அது போவது என் பழைய எண்ணுக்கு. அந்த சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளூர் சிம் மாட்டியிருந்தேன். மறுபடி மாட்டினால் ரோமிங் இல்லை. ரோமிங்கை இயக்கலாம் என்றால் சிம் நிறுவனத்தின் செயலியும் ஓ.டி.பி. கேட்டது. கணக்கில் பணம் இருந்தும் ஒரு பைசா எடுக்க முடியாமல் இரண்டு நாள் நண்பர்களிடம் கடன் வாங்கிக் கழித்தேன்.

ஆகவே கிளம்பும் முன்பே வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும்படி உங்கள் எண்ணை ஏற்பாடு செய்யுங்கள். இணையத்துக்கு இ-சிம்மோ உள்ளூர் சிம்மோ வைத்துக்கொண்டு, பழைய எண்ணைக் குறுஞ்செய்திக்கு மட்டும் விழித்திருக்கச் செய்யலாம். வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்திருக்கும். அதை இயக்கி, வரம்பையும் பாருங்கள். கார்டு இரண்டு வேண்டும், முடிந்தால் வேறு வேறு வங்கியுடையது. ஒன்று பர்ஸில், இன்னொன்று பையின் அடியில். இரண்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் ஒரு கார்டு வைத்திருப்பதற்குச் சமம்.

வெளிநாட்டு ஏ.டி.எம்.மிலும் கடைக் கருவியிலும் ஒரு கேள்வி வரும்: 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, இந்த நாட்டுப் பணத்தில் கழிக்கவா?' எப்போதும் இந்த நாட்டுப் பணம் என்றே அழுத்துங்கள். நம் பணத்தில் காட்டுவது வசதிபோலத் தோன்றும். ஆனால் மாற்று விகிதத்தை அந்தக் கருவிக்காரர்தான் போடுகிறார், அதில் அவருக்கு நல்ல லாபம். சில கருவிகளில் இந்தக் கேள்வி சுற்றி வளைத்து இருக்கும். 'மாற்றத்தை ஏற்கவில்லை' என்று அழுத்தினாலும் பணம் வரும், பயப்பட வேண்டாம். முடிந்தவரை வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏ.டி.எம்.மைப் பயன்படுத்துங்கள், அதுவும் வங்கி திறந்திருக்கும் நேரத்தில். கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்கலாம்.

ஃபோனில் நகர வரைபடத்தை இணையம் இல்லாமலே பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். சீனாவுக்குப் போகிறவர்கள், கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே தடை என்பதை அறிந்து, உள்ளூர்ச் செயலிகளைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: பை

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. நீங்களே தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏற முடிகிற எடைதான் சரியான எடை. மூன்று நான்கு நாள் துணி போதும், துவைத்துக்கொள்ளலாம். காலணி மட்டும் ஏற்கனவே நடந்து பழகியதாக இருக்கட்டும்.

விதிகள் மட்டும் சில. கைப்பையில் திரவம் ஒரு புட்டிக்கு 100 மி.லி. என்ற விதி 2006இல் வந்தது. சில நிலையங்கள் புதுக் கருவி வைத்து அதைத் தளர்த்தியிருக்கின்றன, ஆனால் திரும்பி வரும் நிலையமும் தளர்த்தியிருக்கும் என்று நம்ப முடியாது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். பவர் பேங்கின்மேல் எழுதியிருக்கும் எம்.ஏ.எச். அளவில் சொன்னால், சுமார் 27,000 வரை அந்த வரம்புக்குள் வரும். அளவு அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையில் பறித்துக்கொள்ளலாம்.

மருந்து விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஓரிடத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் குற்றம். வலி, இருமல் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் கோடீன் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஜப்பானில் சூடோஎஃபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளைக் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் மின்-சிகரெட்டுக்குத் தடை. வேண்டிய மருந்தை அதன் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப் போங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவுப்பொருள் எதுவானாலும் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் மறந்து வைத்திருந்தாலும் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம் உண்டு. சொன்னால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: முதல் இரவு

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: முதல் இரவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. களைத்து, தூக்கம் கெட்டு, பாஷை தெரியாமல் இறங்கும் ஒருவரிடம்தான் ஏமாற்றுபவர்கள் வருகிறார்கள். முடிந்தால் பகலில் இறங்கும் விமானம் எடுங்கள். முதல் இரண்டு இரவுக்கு அறை முன்பதிவு செய்யுங்கள். நள்ளிரவுக்குப் பின் போய்ச் சேர்கிறீர்கள் என்றால், முந்தைய தேதிக்குத்தான் பதிவு செய்ய வேண்டும். வரவேற்பு மேசையில் அந்நேரம் ஆள் இருப்பாரா என்று எழுதிக் கேளுங்கள். சின்ன விடுதிகள் பல பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடும்.

தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் அந்த நாட்டு எழுத்தில் ஃபோனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். தாய்லாந்திலோ ஜப்பானிலோ ஓட்டுநருக்கு ஆங்கில எழுத்தில் உள்ள முகவரி புரியாமல் போகலாம். அவர் மொழியில் காட்டினால் உடனே தலையாட்டுவார். விமான நிலைய வாசலில் தானாக வந்து 'டாக்ஸியா?' என்று கேட்பவருடன் போகாமல், பலகை வைத்த வரிசைக்கோ நகர ரயிலுக்கோ போங்கள்.

ஆறாம் படி: எங்கே படுப்பது

இளைஞர் விடுதி என்ற எண்ணமே ஒரு பள்ளி ஆசிரியருடையது. ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஜெர்மன் ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போகும்போது மழையில் ஒதுங்க இடம் தேடி அலைந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த யோசனை. 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி திறந்தது. அந்தப் பழைய அறைகள் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன. நூறு ஆண்டு கழித்தும் கையில் காசில்லாத இளைஞருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வரவில்லை என்பது என் எண்ணம். படுக்க மலிவான இடத்தோடு பேச ஆளும் கிடைக்கிறது. வழியில் எந்த எல்லையில் கூட்டம், எந்தப் பேருந்து மோசம் என்ற செய்திகளை நான் பெரும்பாலும் ஹாஸ்டல் சமையலறைகளில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தேர்ந்தெடுக்கும்போது மொத்த மதிப்பெண்ணைவிட, கடைசி இரண்டு மாதத்தில் வந்த விமர்சனங்களைப் படியுங்கள். 'மூட்டைப்பூச்சி', 'லாக்கர்', 'சத்தம்' என்ற சொற்களைத் தேடுங்கள். போனதும் பையைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காமல், மெத்தையின் ஓரத் தையலை விளக்கடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அப்போதே அறை மாற்றச் சொல்லுங்கள். நான் ஒருமுறை வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன். மூன்று ஊர் தாண்டியும் அந்தப் பூச்சிகள் என் பையோடு வந்தன. எல்லாத் துணியையும் கொதிநீரில் போட வேண்டியதாயிற்று.

பூட்டு நீங்களே கொண்டுபோங்கள், பல இடங்களில் லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. தூங்கும்போது ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கம் நல்லதல்ல, லாக்கரில் வையுங்கள். பெண்கள் மட்டும் தங்கும் அறை பல விடுதிகளில் உண்டு. தனியாகப் போகும் பெண்களுக்கு முதல் சில நாள் அது நிம்மதி. விடியற்காலையில் கிளம்புகிறீர்கள் என்றால் முந்தைய இரவே பையைக் கட்டிவிடுங்கள். இருட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று உருட்டினால் பன்னிரண்டு பேர் விழிப்பார்கள்.

ஏழாம் படி: ஊரைச் சுற்றுவது

ரயில் பாஸ் என்றாலே மலிவு என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் ஒரே தாவலில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நகரம் மட்டும் பார்ப்பவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்டே லாபம். ஐரோப்பாவின் பாஸ்களில் 27 வயது வரை இளைஞர் சலுகை உண்டு, ஆனாலும் பல அதிவேக ரயில்களுக்கு இருக்கைக் கட்டணம் தனி. நீங்கள் போகும் வழிகளின் தனி விலையை ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாத ஊர்களும் உண்டு. இத்தாலியில் உள்ளூர் ரயில்களின் தாள் டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடையிலுள்ள கருவியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே எடுபடாது. பிற நாடுகளில் பேருந்து, டிராம் ஏறும்போதும் உள்ளூர்க்காரர் எதையாவது செருகுகிறாரா, தட்டுகிறாரா என்று ஒரு நிமிடம் கவனித்துவிட்டு ஏறுங்கள்.

பார்க்கப் பணம் வேண்டாத இடங்களும் நிறைய. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. மாட்ரிட்டின் பிராடோ ஓவிய அருங்காட்சியகத்தில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். ரோம் தெருக்களில் ஓடிக்கொண்டே இருக்கும் சின்னக் குழாய்களில் வருவது நல்ல குடிநீர், புட்டியில் பிடித்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: ஏமாற்றுபவர்கள்

இவர்களின் கதைகள் ஊருக்கு ஊர் மாறும், அமைப்பு மாறாது: முன்பின் தெரியாதவர் தானாக வந்து பேசுவார், ஏதோ ஒரு அவசரமோ அதிர்ஷ்டமோ இருக்கும், உங்களை வேறிடத்துக்கு நகர்த்துவார். பாங்காக்கில் அரண்மனைக்குப் போகும் வழியில் ஒருவர், 'இன்று மூடியிருக்கிறது, நான் வேறு கோயில்கள் காட்டுகிறேன்' என்பார். சுற்றல் ஒரு ரத்தினக் கடையில் போய் முடியும். அரண்மனை திறந்தேதான் இருக்கும். பாரிஸில் சாக்ரே-கேர் தேவாலயப் படிக்கட்டில் கையைப் பிடித்துக் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். அங்கே கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடங்கள். ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் ஆங்கிலம் பேசிப் பழக ஆசை என்று இளம்பெண்கள் இருவர் தேநீர் விடுதிக்குக் கூப்பிடுவார்கள். தேநீர் நன்றாகவே இருக்கும். கணக்குச் சீட்டு வரும்போதுதான் தெரியும். புவெனஸ் ஐரெஸில் உங்கள் சட்டையில் ஏதோ கொட்டிவிட்டது என்று ஒருவர் துடைக்க வருவார், இன்னொருவர் பையை எடுத்துப்போவார்.

சீருடை இல்லாமல் 'போலீஸ்' என்று சொல்லிப் பர்ஸைக் கேட்டால் கொடுக்காதீர்கள். 'ஸ்டேஷனுக்குப் போகலாம், அங்கே காட்டுகிறேன்' என்று அமைதியாகச் சொல்லுங்கள். போலியானவர் அங்கேயே கழன்றுகொள்வார். அதற்காக எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நீங்களாகப் போய் வழி கேட்ட ஒருவர் ஏமாற்றுக்காரராக இருப்பது அபூர்வம். நான் போய்க் கேட்டவர்கள் பலர் கூடவே நடந்து வந்து வழிகாட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, வாடகை மோட்டார் சைக்கிள். தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் யாரும் உரிமம் கேட்காமல் வண்டி கொடுத்துவிடுவார்கள். விழுந்தால்தான் தெரியும், இரு சக்கர வண்டிக்கான உரிமமும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இல்லாதவருக்குப் பயணக் காப்பீடு பணம் தராது என்று. ஹெல்மெட் போடாவிட்டாலும் இதே கதி. நான் பார்த்த பயண விபத்துகளில் பாதி இந்த வண்டிகளால் வந்தவை. ஓட்டப் பழகாதவர்கள் வெளிநாட்டில் போய்ப் பழக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எடுப்பதானால், எடுக்கும் முன் ஒவ்வொரு கீறலையும் வீடியோ பிடியுங்கள். பாஸ்போர்ட்டை அடமானமாக எங்கும் கொடுக்காதீர்கள். இல்லாத சேதத்தைக் காட்டிப் பணம் கேட்கும்போது அது அவர்கள் கையில் இருக்கும்.

எல்லாம் தவறிப்போனால்

பாஸ்போர்ட் தொலைந்தால் முதல் வேலை, கடைசியாக எங்கே எடுத்தோம் என்று நிதானமாகத் தேடுவது. கிடைக்கவில்லை என்று உறுதியானபின் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் தூதரகத்திலும் காப்பீட்டிலும் ஒன்றும் நகராது. பிறகு தூதரகம்: பாஸ்போர்ட், விசா நகல்கள், இரண்டு புகைப்படம். இவற்றை மின்னஞ்சலிலும் வைத்திருங்கள், தாளாகவும் வேறு பையில் வைத்திருங்கள். அவசரத்துக்குக் கொடுக்கும் பயண ஆவணம் பெரும்பாலும் ஊர் திரும்ப மட்டும்தான் உதவும். சில நாடுகளில் வெளியேறவும் குடியேற்ற அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். விமானத்துக்கு முந்தைய நாள் தொலைத்தால் டிக்கெட்டை உடனே தள்ளிப்போடுங்கள். ஒரு எச்சரிக்கை: தொலைந்ததாகப் பதிந்த பாஸ்போர்ட் பிறகு பெட்டியின் மூலையில் கிடைத்தால் அதை வைத்துப் பயணம் செய்யாதீர்கள். அதன் எண் இன்டர்போலின் தரவுத்தளத்தில் ஏறியிருக்கலாம். அடுத்த எல்லையில் உங்களையே நிறுத்திவிடுவார்கள்.

காப்பீட்டில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கட்டாயம், மற்ற இடங்களில் கேட்காவிட்டாலும் எடுங்கள். ஆவணத்தில் 'எதற்குப் பொருந்தாது' என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். மலையேற்றம், முக்குளிப்பு, குடிபோதையில் நடந்த விபத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். மருத்துவமனையில் சேரும் முன், முடியாவிட்டால் சேர்ந்த உடனே, காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112.

பை வரவில்லை என்றால், சுங்கத்தைக் கடந்து வெளியே போவதற்கு முன் விமான நிறுவன மேசையில் புகார் எழுதி எண் வாங்குங்கள். 1999இன் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பன்னாட்டு விமானத்தில் பை சேதமானால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். தாமதமாக வந்தால் வந்த நாளிலிருந்து 21 நாள். ஐரோப்பிய ஒன்றிய நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம், நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடும் கேட்கலாம், எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும். பலரும் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். போர்டிங் பாஸ், பைச் சீட்டு, இடையில் வாங்கிய துணி, பல்துலக்கி வரை எல்லா ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். ஊர் வந்தபின் ஒரு மாதம் கார்டுக் கணக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். எங்கோ நகலெடுத்த கார்டிலிருந்து முதலில் போவது சின்னத் தொகையாகத்தான் இருக்கும்.